முந்தலில் நின்ற ஜீப்புகள்

தீயணைப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம் ஒட்டியிருக்கிறது. உச்சியில் சம்பவ இடத்துத் தலைவர். அவருக்குக் கீழே ஆளாளுக்கு ஒரு கட்டம், ஒரு நிற மேல்சட்டை. ஓரத்தில் இரண்டு சிறு கட்டங்கள்: வண்டிகள் காத்திருக்கும் இடம், வருகிறவர்கள் பெயர் பதிகிற மேசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. குழாயைப் பிடிப்பதும் கயிற்றில் முடிச்சுப் போடுவதும் உங்கள் பயிற்சியாளருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் தலையிடவில்லை. அந்த ஓரத்துக் கட்டங்கள் எங்கள் ஊருக்கு எப்படி வந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்கு நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. தீயை அணைத்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனால் நான் அந்த வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு, அடுப்பை ஏன் அந்த மூலையில் வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். "இவரு தீயணைக்க வந்தாரா, சம்பந்தம் பேச வந்தாரா?" என்று என் ஆட்களே கிண்டல் செய்வார்கள். அந்த வியாதி இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

தீயணைப்பு நிலையத்தில் நான் வேலை பார்த்த ஊர் போடி. அங்கிருந்து மேற்கே போனால் முந்தல். அங்கே ஒரு செக்போஸ்ட். அதோடு சமவெளி முடிந்து, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மேலே போடிமெட்டு, தாண்டினால் கேரளம், ஏலக்காய்த் தோட்டங்கள். விடிந்தும் விடியாமலும் போடி ஜீப் ஸ்டாண்டிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். களையெடுக்க, காய் எடுக்க என்று வருஷம் முழுக்க வேலை. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் ஒன்று சொல்லும், டிரைவர் ஒன்று சொல்வார். ஜெயிப்பது டிரைவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் அந்த வளைவுகளில் ஒரு ஜீப்பு கவிழ்ந்தது. இறங்கி வந்த லாரிக்காரர் ஒருவர் செக்போஸ்டில் சொல்ல, அங்கிருந்து எங்களுக்குப் போன் வந்தது. மணியடித்துக்கொண்டு கிளம்பினோம். முந்தலைத் தாண்டி மூன்றாவது வளைவில் எங்கள் வண்டி நின்றுவிட்டது. முன்னால் முழுக்க ஜீப்புகள். ஒன்றை ஒன்று முந்தப் பார்த்து, பாதி ரோட்டில் குறுக்கே நின்று, ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. எங்களுக்கு முன்பே ஊர் கிளம்பிப் போயிருந்தது. கயிறும் ஸ்டிரெச்சரும் எடுத்துக்கொண்டு ஐந்து வளைவு நடந்தோம். நடந்தோம் என்ன, ஓடினோம்.

மேலே போனால் உத்தரவு போடாத ஆளே கிடையாது. தூக்குங்கள் என்கிறார் ஒருவர். தூக்காதீர்கள், போலீஸ் வந்து பார்க்கட்டும் என்கிறார் இன்னொருவர். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் பாறைமேல் ஏறி நின்றுகொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யாரென்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன், யாருக்குமே தெரியவில்லை.

சரிவிலிருந்து ஒரு அம்மாவை மேலே கொண்டுவந்தோம். நாற்பது வயதிருக்கும். மூச்சுவிட முடியாமல் திணறினார். அவசரமாகக் கீழே கொண்டுபோக வேண்டும். அத்தனை ஜீப்பு நிற்கிறது, ஒரு ஜீப்பு திரும்ப இடமில்லை. கம்பளியில் போட்டு நாங்களே சுமந்து இறங்கினோம். என் சட்டைக் கையை அவர் பிடித்திருந்தார். இரண்டாவது வளைவில் அந்தப் பிடி விட்டுப்போனது. அன்றைக்கு ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து நான் அழுதேன். என் ஆட்கள் கண் முன்னாலேயே அழுதேன்.

யாரைத் திட்டுவது? வந்த அத்தனை பேரும் உதவி செய்ய வந்தவர்கள். இரண்டு நாள் அது என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு நேராக ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொரு டிரைவராகப் பிடித்துக் கேட்டேன். "நீங்க எதுக்குப்பா மேல போனீங்க?"

"என்னா சார் இப்பிடிக் கேக்குறீக? நம்ம வண்டி கவுந்து கெடக்கு. கீழ நின்னு பீடி குடிக்கச் சொல்றீகளா?"

"சரி, மேல போய் என்ன செஞ்சீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "என்ன செய்ய? நின்னேன்."

பத்துப் பேரைக் கேட்டிருப்பேன். பத்துப் பேரும் நின்றேன் என்றுதான் சொன்னார்கள். அவர்களில் வயதான டிரைவர் ஒருவருக்கு என்மேல் எரிச்சல் வந்துவிட்டது. "துக்க வீட்டுக்குப் போறமே சார், போயி என்ன செய்யிறோம்? நிக்கிறோம். போகாம இருந்து பாருங்க, நாளைக்கி ரோட்டுல கண்டா மொகத்தத் திருப்பிக்கிருவாய்ங்க" என்றார். பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

சில வருஷம் கழித்து மதுரையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விபத்து, வெள்ளம், மண்சரிவு எதுவானாலும் இனி எல்லா ஊரிலும் ஒரே நடைமுறை. தலைவர் ஒருவர்தான். வரும் வண்டிகள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். கூப்பிட்ட பிறகுதான் மேலே போக வேண்டும். வந்தவர் பெயரைப் பதிய வேண்டும். காயம்பட்டவர் பெயரை ஆஸ்பத்திரியில் உறுதி செய்யும் வரை வெளியே சொல்லக் கூடாது. இன்று உங்கள் சுவரில் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான்; வண்ணம் மட்டும் கிடையாது.

அதை நிறைவேற்ற ஊர்ப் பெரியவர்கள், அதிகாரிகள் எல்லாரையும் வைத்து ஒரு கூட்டம் நடந்தது. யார் தலைவர் என்பதில் ஒரு மணி நேரம் போனது. அறையில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் தலைவராகத் தயாராக இருந்தார்கள். ஒன்பதாவது ஆள் டீ கொண்டு வந்தவர். கடைசியில் மீட்பு வேலை தெரிந்தவன் என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முந்தலில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதுவது யார் என்று கேட்டேன். கூட்டம் உடனே கலைந்துவிட்டது.

ஒத்திகை ஒன்று வைத்தோம். எங்கள் ஆள் ஒருவரை மேலே ஒரு வளைவில் காயம்பட்டவராகப் படுக்க வைத்தோம். முந்தலில் நாலு போலீஸ்காரர் கம்பு வைத்து ரோட்டை மறித்தார்கள். செய்தி ஸ்டாண்டுக்குப் போனதும் ஜீப்புகள் பறந்து வந்தன. ஒத்திகை என்று சொன்னாலும் யாரும் நம்பவில்லை. "எங்க மச்சான் வண்டி மேல இருக்கு சார்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஒன்றும் பேசாமல் பக்கத்துத் தோப்புக்குள் வண்டியை இறக்கி, சுற்றிக்கொண்டு போய் ரோட்டில் ஏறிவிட்டார். அவர் பின்னால் மற்ற அத்தனை பேரும் போனார்கள். காயம்பட்டவர் படுத்துப் படுத்து அலுத்துப்போய், தானே எழுந்து நடந்து இறங்கி, முந்தலில் ஒரு டீயும் குடித்துவிட்டு என்னிடம் வந்து, "சார், நான் செத்துட்டேனா, இருக்கேனா?" என்று கேட்டார்.

வந்த கோபத்தில் அவர்களைத் திட்டித் தீர்ப்பதற்காகவே மறுநாள் ஸ்டாண்டுக்குப் போனேன். திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு மனிதர். எந்த ஜீப்பு முதலில் வந்தது, எது அடுத்து ஆள் ஏற்ற வேண்டும், எதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதிக் கூப்பிடுவது அவர் வேலை. ஸ்டாண்டில் அவருக்கு டைம்கீப்பர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்பிடி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நோட்டைப் பார்த்து ஒரு நம்பரைச் சொல்வார். சத்தம்கூடப் போட மாட்டார். அந்த நம்பர் ஜீப்பு மட்டும் நகரும். முதல் நாள் போலீஸ் கம்புக்கு அடங்காத அதே டிரைவர்கள் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு தங்கள் முறைக்காக ஒரு மணி நேரம் நிற்கிறார்கள்.

"அண்ணே, இவங்க உங்களுக்கு எப்படி அடங்குறாங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க சார் அடங்குறாய்ங்க? நோட்டுக்கு அடங்குறாய்ங்க. பேரு ஏறிருச்சுன்னா அவன் வந்தது வந்ததுதான். நடுவுல டீ குடிக்கப் போனாலும் அவன் எடம் அவனுக்கு இருக்கும். அப்பறம் எதுக்கு முண்டப் போறான்?"

அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. அந்த வயதான டிரைவர் சொன்ன துக்க வீட்டுக்கு இதுதான் பதில். இவர்கள் மேலே ஓடுவது வேலை செய்வதற்காக அல்ல; வந்தேன் என்று நாலு பேர் கண்ணில் படுவதற்காக. முந்தலிலேயே அது பதிவாகிவிட்டால் மேலே போக வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் அவர்களைத் தடுத்தோம். தடுத்தால் எந்த மனிதன் நிற்பான்? வந்ததை எழுதிக்கொண்டால் நிற்பான். சுற்றறிக்கையில் பெயர் பதிய வேண்டும் என்று ஒரு வரிதான் இருந்தது, ஏன் என்று இல்லை.

முந்தலில் வந்து உட்காருவீர்களா என்று டைம்கீப்பரைக் கேட்டேன். இரண்டு நிபந்தனை போட்டார். "நோட்டுல இருக்குற மொற தப்பக் கூடாது. எந்த அதிகாரி வண்டியா இருந்தாலும் சரி. சோலி முடிஞ்சதும் அந்த நோட்ட ஒரு வாரம் ஸ்டாண்டுல தொங்க விடணும். யாரு வந்தா, யாரு வரலேன்னு எல்லாரும் பாக்கட்டும்." பிறகு யோசித்து மூன்றாவதையும் சேர்த்தார். இறங்குகிற வண்டியை முந்தலில் யாரும் நிறுத்தக் கூடாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் காயம்பட்டவரை ஏற்றிய வண்டி வந்தால் மறித்து, படுதாவைத் தூக்கி, யார் முகம் என்று பார்த்து, கட்டிப் பிடித்து அழுதுவிட்டுத்தான் விடுவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் பத்து நிமிஷம் போகும். "சொந்தக்காரனா இருந்தாலும் ஆஸ்பத்திரியில போயிப் பாத்துக்கிறட்டும்" என்றார் டைம்கீப்பர்.

அப்போது வயர்லெஸ் எல்லாம் கிடையாது. மேலே என்ன வேண்டும் என்பதை நான் ஒரு தாளில் எழுதி, ஒரு கல்லில் சுற்றி, இறங்குகிற ஜீப் டிரைவரிடம் கொடுப்பேன். அவர் வண்டியை நிறுத்தாமல் மேசைப் பக்கம் அதை வீசிவிட்டுப் போவார். டைம்கீப்பர் படித்து அடுத்த ஜீப்பை அனுப்புவார். இதுதான் எங்கள் ஏற்பாடு. இரண்டாவது ஒத்திகையில் முப்பது ஜீப்பு முந்தலில் வரிசையாக நின்றது. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ஓரமாகக் குந்திக்கொண்டார்கள். பார்க்க வந்த மேலதிகாரி ஆச்சரியப்பட்டு, எப்படிச் சாதித்தீர்கள் என்றார். சுற்றறிக்கைப்படிதான் என்று சொல்லிவைத்தேன். அவருக்கும் சந்தோஷம்.

அடுத்த மழைக்காலத்தில் நிஜமாகவே ஒரு ஜீப்பு உருண்டது. காலை ஏழு மணி இருக்கும். பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போன ஜீப்பு. செக்போஸ்டிலிருந்து எங்களுக்கும் ஸ்டாண்டுக்கும் ஒரே நேரத்தில் போன் போயிருக்கிறது. நாங்கள் முந்தலுக்கு வரும்போதே டைம்கீப்பர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஜீப்புகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. எங்கள் வண்டியை மெதுவாக்கினேன்.

"பொம்பளையாளுக பதினாலு சார். டிரைவரோட பதினஞ்சு. ஸ்டாண்டு நோட்டுல பாத்துட்டேன். வெரசா போங்க" என்றார். நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கணக்குக் கிடைத்த திருப்தி. அவர் ஏன் தலை நிமிரவில்லை என்று யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான், கேட்க வேண்டிய அந்த ஒன்றை அன்றைக்குக் கேட்கவில்லை.

ரோடு காலியாக இருந்தது. வளைவுக்கு வளைவு யாருமே இல்லை. ஆட்கள் கீழே விழுந்து கிடக்கிறார்கள், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், இருந்தது. சம்பவ இடத்துக்கு இருபது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். டைம்கீப்பர் அனுப்பிய முதல் ஜீப்பும் பின்னாலேயே வந்துவிட்டது.

ஜீப்பு பாதிச் சரிவில் இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் பலர் பிழைத்தார்கள். டிரைவருக்கு மட்டும் நாங்கள் போவதற்கு முன்பே உயிர் போயிருந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டத்து வாட்ச்மேன் ஒருவர், மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசுகிறவர், தனி ஆளாக இறங்கி மூன்று பெண்களை மேலே ஏற்றிவிட்டிருந்தார். "சாரே, அவிடெ இனியும் ஆளுண்டு. பதுக்கெப் போங்க, மண்ணு வழுக்குது" என்று மெதுவாக இறங்கச் சொல்லி எங்களுக்கு வழி காட்டினார்.

யாரை முதலில் அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் அங்கே என் வேலை. அலறுகிறவரை அல்ல, அலறாமல் கிடக்கிறவரை முதலில் பாருங்கள் என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த இருவரை முதல் ஜீப்பில் அனுப்பினேன். அடுத்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபது வயதிருக்கும். தொடையில் ஆழமான வெட்டு, ரத்தம் நிற்கவில்லை, எலும்பும் முறிந்திருந்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டே அவளைப் பேச வைத்தேன்.

"ஆத்தா, பேரு என்ன? எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "சார், எங்கப்பா டைம்கீப்பரு. முந்தல்ல உக்காந்திருப்பாரு. அவருட்டச் சொல்லிறாதீக. பதறிருவாரு."

அவள் பிழைத்துவிட்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு மீதியைக் கேட்க மாட்டீர்கள். காலியான ரோடுதான் அவளைக் காப்பாற்றியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன், அவரும் தெரியாது என்றுதான் சொன்னார்.

அவளையும் விலா முறிந்த இன்னொரு அம்மாவையும் இரண்டாவது ஜீப்பில் ஏற்றினோம். தூறல் விழுந்ததால் படுதாவை இறக்கிக் கட்டினோம். நான் தாளை எடுத்து எழுதினேன்: "இருவர் இறங்குகிறார்கள். அடுத்து ஒரு ஜீப், கம்பளி, தண்ணீர்." அதற்குமேல் பென்சில் நகரவில்லை.

எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இன்னும் பத்துப் பெண்கள் மேலே இருக்கிறார்கள். டைம்கீப்பர் மகள் பின்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டால் கீழே நிற்கிற முப்பது ஜீப்பை யார் பிடித்து வைப்பது? அவர் எழுந்த மறுநிமிஷம் எல்லா வண்டியும் மலையேறிவிடும். கம்பளியில் சுமந்துகொண்டு இறங்கிய அந்த அம்மா கண் முன்னால் வந்தார். சுற்றறிக்கையும் பெயர் சொல்லாதே என்கிறது. இந்தப் பெண்ணும் சொல்லாதே என்கிறாள். மூன்று காரணம் கிடைத்துவிட்டது. மூன்று காரணம் கையில் இருந்தால் மனிதன் எதையும் செய்வான். தாளை மடித்துக் கல்லில் சுற்றி டிரைவரிடம் கொடுத்தேன். "முந்தல்ல நிக்காத. வீசிட்டுப் போ" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது ஜீப்பு வந்தது. கம்பளி இருந்தது, தண்ணீர் இருந்தது, நான் கேட்காத சர்க்கரையும் ஒரு பொட்டலம் இருந்தது. நாலாவது, ஐந்தாவது எல்லாம் சொல்லிவைத்த மாதிரி வந்தன. ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மேல் வளைவில் ஏறவில்லை. எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறார் மனிதர் என்று வியந்துகொண்டேன். விஷயம் தெரியாததால்தான் இந்த நிதானம், தெரியாமல் இருப்பதே நல்லது என்று என்னை நானே தட்டிக்கொடுத்தும் கொண்டேன். பத்து மணிக்குப் பதினாலு பெண்களும் இறங்கிவிட்டார்கள். கடைசியாக டிரைவரை இறக்கினோம்.

முந்தலுக்கு வந்து இறங்கினேன். டிரைவர்கள் எல்லாரும் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து ஓரமாக நின்றிருந்தார்கள். போனது தங்கள் ஆள் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. டைம்கீப்பர் மேசையிலேயே இருந்தார். நான் வீசச் சொன்ன சீட்டுகள் ஒரு கல்லுக்கு அடியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"எல்லாரும் இறங்கியாச்சு அண்ணே. டிரைவர் மட்டும்தான் போயிட்டாரு."

தலையை ஆட்டினார். நோட்டில் ஒரு கோடு போட்டார். கோடு நேராகத்தான் வந்தது. பிறகு ஒரு ஜீப்பு நம்பரைச் சொல்கிற அதே குரலில், "எம் மக அந்த வண்டியிலதான் போனா சார்" என்றார். "காலையில நாந்தான் ஏத்தி விட்டேன்."

ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை இவருக்குத் தெரிந்திருக்கிறது. படுதா போட்ட ஒவ்வொரு ஜீப்பும் இவர் மூக்குக்கு நேராகப் போயிருக்கிறது. நிறுத்தக் கூடாது என்று சொன்னவர் இவர்தான்.

"சொல்லியிருக்கலாமே அண்ணே! வேற ஆளப் போட்டிருப்பேனே!"

"யாரப் போடுவீக? அதுக்குத்தான் சொல்லல." பேனாவை மூடி வைத்தார். "பதினாலும் உசுரோட எறங்கிருச்சுன்னு சொன்னீகல்ல. அது போதும் சார்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். ஆனால் அந்த மனிதர் முன்னால் அது முடியவில்லை. "எனக்கும் தெரியும் அண்ணே" என்றேன். "ரெண்டாவது ஜீப்புல நாந்தான் ஏத்துனேன். தொடையில அடி. பேசிக்கிட்டேதான் போனா. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு அவளே சொன்னா."

முதல் முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நோட்டில் விரலை வைத்துத் தேடினார். "ரெண்டாவது ஜீப்பு... எட்டு பத்து." அந்த வரியில் விரல் அப்படியே நின்றது. எட்டு பத்திலிருந்து பத்து மணி வரை எவ்வளவு என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு நெனச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"போயிருப்பேனோ என்னமோ. தெரியல சார்." வரியிலிருந்து விரலை எடுத்தார். "நீங்க செஞ்சது சரிதான். நானா இருந்தாலும் பேரு எழுதியிருக்க மாட்டேன்."

அவர் அப்படிச் சொன்னதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

கல்லைத் தூக்கிவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவி எடுத்தார். இரண்டாவது ஜீப்பில் வந்தது. கல்லில் சுற்றிய மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார். "இது வந்தப்ப எடுத்துப் படிச்சேன். பின்னாடியும் திருப்பிப் பாத்தேன். அப்பறம்தான் அடுத்த வண்டியக் கூப்புட்டேன்." சீட்டை என் பக்கம் திருப்பினார். "பேரு வேணாம் சார். ரெண்டு பேருக்கும் உசுரு இருக்குன்னு ஒரு வார்த்த. சீட்டுல எடம் இருந்துச்சே சார்."

சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்ற முதல் ஜீப்பில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் தாளைப் பார்த்தேன். மேலே என் எழுத்தில் இரண்டு வரி இருந்தது. மீதித் தாள் முழுக்க வெள்ளையாக இருந்தது.